மேனுவல் கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில்? தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

என் காருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றிய மறுநாள் காலை, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு லீவரை இழுத்தால் பாதி வழியில் முரண்டு பிடித்தது. சற்று அழுத்தினால் ‘கர்ர்’ என்று அரைத்துக்கொண்டே உள்ளே போனது. பழைய ஆயில் இருந்தவரை இப்படி ஒருநாளும் ஆனதில்லை. காலி டப்பாவை எடுத்துப் பார்த்தேன்: ஜிஎல்-5 (இது கியர் ஆயிலின் வகுப்பு), 80டபிள்யூ-90 (இது பாகுத்தன்மை, அதாவது கெட்டி அளவைச் சொல்லும் எண்). காரோடு வந்த மேனுவலில் இருந்ததோ ஜிஎல்-4, 75டபிள்யூ-90. மாற்றிக் கொடுத்தவர் மட்டமான ஆயிலை ஊற்றவில்லை, தரமானதுதான். ஆனால் பின் அச்சுக்கு ஊற்ற வேண்டியதை கியர் பாக்ஸுக்குள் ஊற்றிவிட்டார். அதை வடித்துவிட்டு மேனுவல் சொன்னதை ஊற்றினேன். சில நாட்களில் லீவர் பழையபடி வழுக்கிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து கியர் ஆயில் விஷயத்தில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

முதலில், உள்ளே அந்த ஆயில் என்ன செய்கிறது

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம். இன்றைய மேனுவல் கியர் பெட்டியில் நாம் லீவரை அசைக்கும்போது பற்சக்கரங்கள் விலகிச் சேர்வதில்லை. முன்னோக்கிப் போகும் எல்லா கியர்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டேதான் சுழல்கின்றன. லீவரை அசைத்தால் ஓர் உருளை நகர்ந்து, நமக்கு வேண்டிய சக்கரத்தை மட்டும் தண்டோடு பூட்டுகிறது. பூட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் சின்க்ரோ வளையம். கூம்பு வடிவில், பெரும்பாலும் பித்தளையில் செய்த சிறிய வளையம் அது. சக்கரத்தின் கூம்பு முகத்தில் அது உரசி, குட்டி பிரேக் போல வேகத்தைச் சமன் செய்கிறது. ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இது முடிந்துவிடும்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் நல்ல வழுவழுப்பு வேண்டும். சின்க்ரோ வளையத்துக்கோ பிடிப்பு வேண்டும். அது ஆயில் படலத்தை நசுக்கித் தள்ளிவிட்டு உலோகத்தைப் பற்ற வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பற்றாது, வேகம் சமமாகாது, பூட்டு உருளையின் பற்கள் மோதும். நமக்குக் கேட்கும் ‘கர்ர்’ அந்த மோதல்தான். ஆக, ஒரே ஆயில் ஓரிடத்தில் வழுக்க வேண்டும், இன்னோரிடத்தில் பிடிக்க விட வேண்டும். மேனுவல் பெட்டிக்கான ஆயிலை உருவாக்குபவர்கள் பிடித்து நிற்கும் சமநிலை இதுதான். ‘இதைவிட உசத்தியானது’ என்று நாமாக ஒன்றை எடுத்து ஊற்றினால் அது கெட்டுவிடுகிறது.

மேனுவலில் எதைத் தேட வேண்டும்

ஓனர் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் எண்ணெய்களும் கொள்ளளவும் போட்ட அட்டவணை ஒன்று இருக்கும். அதில் மேனுவல் டிரான்ஸ்மிஷன் என்ற வரியில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜிஎல் வகுப்பு, 75டபிள்யூ-90 போன்ற பாகுத்தன்மை எண், நிறுவனத்தின் சொந்தக் குறியீடு இருந்தால் அது, எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது. பெரும்பாலான கார்களில் ஒன்றரை முதல் மூன்று லிட்டருக்குள் இருக்கும்.

இங்கே பலர் சறுக்குவது கார் பெயரை மட்டும் பார்ப்பதில். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு ஒரு பெட்டி, டீசலுக்கு வேறு பெட்டி, ஐந்து கியருக்கு ஒன்று, ஆறு கியருக்கு ஒன்று என்று இருக்கலாம். இடையில் உற்பத்தி ஆண்டு மாறும்போது பெட்டியும் மாறியிருக்கலாம். உங்கள் எஞ்சினுக்கும் ஆண்டுக்கும் நேராக உள்ள வரியைத்தான் படிக்க வேண்டும்.

நிறுவனக் குறியீடு இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. ஃபோர்டின் ‘டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி200-டி2’, பிஎம்டபிள்யூவின் ‘எம்டிஎஃப்-எல்டி-2’, மெர்சிடிஸின் ‘235.10’ போன்றவை அப்படிப்பட்டவை. அந்தப் பெட்டியின் சின்க்ரோ வளையத்தில் உள்ள உலோகம் அல்லது கார்பன் பூச்சோடு சேர்த்துச் சோதித்த பிறகே அந்தக் குறியீடு தரப்படுகிறது. வெறும் ஜிஎல்-4 என்ற எழுத்து அவ்வளவு நுணுக்கமாக எதையும் சொல்லாது.

மேனுவல் கைவசம் இல்லையென்றால், பல தயாரிப்பாளர்கள் அதைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் சேசிஸ் எண்ணோடு அந்த நிறுவனத்தின் உதிரிபாகப் பிரிவில் கேட்கலாம். ஆயில் நிறுவனங்களின் தேடல் பக்கங்களும் உதவும், ஆனால் ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு இடத்தில் ஒத்துப் பாருங்கள். வடித்த ஆயிலின் நிறத்தை வைத்து முடிவு செய்யவே வேண்டாம். நிறம் என்பது சேர்க்கும் சாயம், யார் எதைப் போட்டார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஜிஎல்-4, ஜிஎல்-5: பெரிய எண் மேல்படி இல்லை

எஞ்சின் ஆயிலில் நாம் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் எஸ்என் தரம் கேட்ட பெட்ரோல் எஞ்சினுக்குப் பிறகு வந்த எஸ்பியை ஊற்றலாம், புதியது பழையதையும் உள்ளடக்கும். அதே நினைப்பில் ‘நான்கைவிட ஐந்து நல்லதுதானே’ என்று கியர் ஆயிலிலும் போகிறோம். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. இந்த எண்கள் படிக்கட்டு மாதிரி அடுக்கியவை கிடையாது, வேலையைப் பிரித்துச் சொல்பவை.

ஜிஎல்-5 முக்கியமாக ஹைபாய்டு கியர்களுக்கானது. பின் சக்கரம் ஓட்டும் வண்டிகளின் பின் அச்சில், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் இருப்பது இந்த வகை. அதில் பினியன் என்ற சிறிய பற்சக்கரம் பெரிய சக்கரத்தின் மையக் கோட்டிலிருந்து விலகிக் கீழே உட்கார்ந்திருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு பலமாக வழுக்கி உரசவும் செய்கின்றன. சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதைத் தாங்கத்தான் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட கடும் அழுத்தச் சேர்க்கைகள். சூடான இடத்தில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய காப்புப் பூச்சாக நிற்கும். ஜிஎல்-5இல் இந்தச் சேர்க்கை ஜிஎல்-4இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும்.

அந்தக் கந்தகம் எஃகுக்கு நண்பன், செம்பு கலந்த உலோகங்களுக்கு அப்படியில்லை. பித்தளையிலும் வெண்கலத்திலும் உள்ள செம்போடு, அதிலும் பெட்டி சூடாக இருக்கும்போது, அது வினைபுரியும். மேற்பரப்பு கறுத்து, கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நம் சின்க்ரோ வளையம் அந்தப் பித்தளைதான்.

இப்போதைய ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் கந்தகத்தின் வேகத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. அதனால் ‘பித்தளை அரிக்காது, தைரியமாக ஊற்றலாம்’ என்று சொல்பவர்களும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அரிப்பு குறைந்தாலும் வழுக்கல் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. வளையம் பற்ற வேண்டிய அந்த அரை நொடியில் ஆயில் அதை வழுக்க விட்டால், வளையம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தேயும். என் காரில் மறுநாளே தெரிந்தது அதுதான். ஒரே நாளில் எந்தப் பித்தளையும் அரித்துப்போகாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜிஎல்-5 கேட்கும் இடத்தில் ஜிஎல்-4 ஊற்றுவதும் தப்பு. பின் அச்சின் ஹைபாய்டு பற்கள் அதில் சீக்கிரம் தேய்ந்துவிடும். சில கார்களில் கியர் பாக்ஸே ஜிஎல்-5 கேட்கும். சுபாரு அதற்கு நல்ல உதாரணம். எஞ்சின் நீளவாக்கில் இருப்பதால் முன் டிஃபரன்ஷியல் ஹைபாய்டு வகை, அதுவும் கியர் பாக்ஸும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. ஆகவே அங்கே சின்க்ரோ வளையங்களையும் ஜிஎல்-5க்கு ஏற்ற மாதிரி அமைத்து, மேனுவலில் ஜிஎல்-5, 75டபிள்யூ-90 என்று போட்டிருக்கிறார்கள். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் சாதாரண முன் சக்கர கார்களிலும் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும். ஆனால் அங்கே ஹைபாய்டு கிடையாது, சாய்வுப் பல் சக்கரம்தான். அதனால் ஜிஎல்-4 போதும்.

டப்பாவில் ‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று இரண்டும் சேர்த்து எழுதியிருந்தால்? அதை வாங்குவதற்கு முன் தயாரிப்பாளரின் தரவுத்தாளைப் பாருங்கள். அதில் செம்புப் பட்டைச் சோதனை என்று ஒரு வரி இருக்கும். மெருகேற்றிய செம்புத் துண்டைச் சூடான ஆயிலில் சில மணி நேரம் போட்டு எடுத்து, கறுப்பை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள். 1ஏ, 1பி என்றால் லேசான மங்கல் மட்டும். 3 என்றால் நன்றாகக் கறுத்திருக்கிறது, 4 என்றால் அரித்தே விட்டது. பித்தளை வளையம் உள்ள பெட்டிக்கு நான் 1க்கு மேல் எதையும் வாங்கமாட்டேன். அந்த வரியே இல்லாத தரவுத்தாள் என்றால் ஜிஎல்-4 என்று மட்டும் எழுதிய இன்னொன்றைத் தேடுவது மேல்.

ஜிஎல்-1, 2, 3, 6 ஆகியவை வழக்கொழிந்தவை. எம்டி-1 என்று பார்த்தால், அது சின்க்ரோ இல்லாத லாரி, பஸ் பெட்டிகளுக்கானது. காருக்கு அதை எடுக்க வேண்டாம்.

பாகுத்தன்மை எண்களைப் படிப்பது

75டபிள்யூ-90 என்பதில் டபிள்யூவுக்கு முன்னால் உள்ளது குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பது. 75டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை ஓடும் நிலையில் இருக்க வேண்டும். 80டபிள்யூவுக்கு அந்த எல்லை மைனஸ் 26, 85டபிள்யூவுக்கு மைனஸ் 12. பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. 90 என்றால் அந்தச் சூட்டில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) வரை.

கியர் ஆயில் 90 என்றதும் எஞ்சின் ஆயில் 40ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. எஞ்சின் ஆயிலில் 40 என்பது 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. ஆக 90 கியர் ஆயில் கிட்டத்தட்ட 40க்கும் 50க்கும் நடுவில்தான் வந்து நிற்கிறது.

மைனஸ் 26 டிகிரி குளிரே வராத ஊரில் 75க்கும் 80க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. காலையில் வண்டியை எடுக்கும்போது, 20 டிகிரியில்கூட 80டபிள்யூ-90 அதிகக் கெட்டியாக இருக்கும். வளையம் அந்தக் கெட்டிப் படலத்தை நசுக்கித் தள்ள நேரமாகும், இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். சூடானதும் சரியாகிவிடும். ‘காலையில் மட்டும் கஷ்டமாக இருக்கிறது’ என்பவர்களில் பலருக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

பழைய வண்டி, பெட்டி சத்தம் போடுகிறது, கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கும் என்று ஒரு யோசனை எப்போதும் யாராவது சொல்வார்கள். பேரிங் தேய்ந்த சத்தம் கொஞ்சம் அமுங்கலாம், தேய்மானம் நிற்காது. கூடவே கியர் போடுவது கடினமாகி, சின்க்ரோ வளையங்களுக்கும் கேடு வரும். மேனுவல் 75டபிள்யூ-80 என்று சொன்னால் 75டபிள்யூ-90க்குக்கூடப் போக வேண்டாம் என்பதே என் பழக்கம். மேனுவலே வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு எண்கள் கொடுத்திருந்தால், உங்கள் ஊர்த் தட்பவெப்பத்துக்குச் சரியானதை எடுத்துக்கொள்ளலாம்.

கியர் ஆயிலே கேட்காத பெட்டிகள்

சில மேனுவல் பெட்டிகள் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலான ஏடிஎஃப் கேட்கும். அது மெல்லியது, சிவப்பாக இருக்கும். ஹோண்டா தன் பெட்டிகளுக்கு எம்டிஎஃப் என்ற தனி ஆயிலைச் சொல்கிறது. அது கிடைக்காதபோது தற்காலிகமாக எஞ்சின் ஆயில் ஊற்றலாம் என்று அதன் பல பழைய மாடல்களின் மேனுவலில் இருந்தது. 1959இல் வந்த பழைய மினியில் கியர் பாக்ஸ் எஞ்சினுக்கு அடியிலேயே இருந்ததால் இரண்டுக்கும் ஒரே ஆயில். இப்படிப்பட்ட பெட்டியில் 75டபிள்யூ-90 ஊற்றினால் லீவர் இரும்புபோல் ஆகிவிடும். மேனுவலைப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த விதிவிலக்குகளே போதும்.

கிளட்சும் கியரும் தானாக இயங்கும் ஏஎம்டி கார்களில் உள்ளே இருப்பது மேனுவல் பெட்டிதான், அதற்கு கியர் ஆயில் உண்டு. கிளட்சையும் கியரையும் ஹைட்ராலிக்கில் இயக்கும் வகையென்றால் அந்த அமைப்புக்குத் தனி எண்ணெய். இரண்டையும் குழப்ப வேண்டாம். சிவிடி, இரட்டை கிளட்ச் போன்ற ஆட்டோமேட்டிக் பெட்டிகள் முற்றிலும் வேறு கதை.

சிந்தெடிக்கா, மினரலா?

மேனுவல் 75டபிள்யூ-90 கேட்டால், சிந்தெடிக் அல்லது செமி சிந்தெடிக்தான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். அவ்வளவு அகலமான எல்லையை மினரல் ஆயிலால் எட்டுவது கடினம். சிந்தெடிக் காலையில் இளகலாகவும் சூட்டில் உறுதியாகவும் இருக்கும், நெடுநாள் தாங்கும். பெட்டியில் அடங்குவது இரண்டு மூன்று லிட்டர், அதுவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை. ஆகவே கூடுதல் செலவு எனக்கு உறுத்தியதில்லை. ஆனால் சிந்தெடிக் ஜிஎல்-5ஐவிட மினரல் ஜிஎல்-4 பித்தளை வளையத்துக்கு நல்லது. வகுப்பு முதலில், பிறகுதான் மற்றதெல்லாம்.

டப்பாவில் ‘எல்எஸ்’ என்றோ லிமிடெட் ஸ்லிப் என்றோ இருந்தால் கியர் பாக்ஸுக்கு எடுக்காதீர்கள். உரசலைக் குறைக்கும் பொருள் அதில் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், வளையத்துக்கு அது எதிரி. தனியாக விற்கும் ‘கியர் சத்தம் குறைக்கும்’ சேர்க்கைகளும் அதே ரகம்.

மாற்றும் நாளில்

கொஞ்ச தூரம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். வண்டி சமமாக நிற்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் தூக்கினால் அளவு தப்பாகிவிடும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டுகள் கட்டாயம்.

இப்போது மிக முக்கியமான ஒன்று: முதலில் ஆயில் ஊற்றும் துளையின் பிளக்கைத் திறங்கள். அது திறந்த பிறகே வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். வடித்துவிட்டு மேல் பிளக் துருப்பிடித்துச் சுழல மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியோடு நின்றுவிடுவீர்கள். சில பெட்டிகளில் ஊற்றும் துளை தனியாக இருக்காது, ரிவர்ஸ் லைட் சுவிட்சைக் கழற்றி அதன் வழியே ஊற்ற வேண்டியிருக்கும். அதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வடிந்ததை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். காந்த பிளக்கில் சாம்பல் நிறச் சேறுபோல் ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். கையில் உறுத்தும் துண்டுகள் வந்தால் பல் உடைந்திருக்கலாம், ஆயில் மாற்றி அது சரியாகாது. ஆயிலில் தங்கப் பொடிபோல் மினுங்கினால் அது சின்க்ரோ பித்தளை. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அப்போது புதிய ஆயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே மீண்டும் மாற்றிவிடுங்கள்.

பிளக்குகளுக்குப் புது வாஷர் போடுங்கள். பெட்டி அலுமினியம் என்பதால் மரை சுலபமாகப் போய்விடும். பலத்தைக் காட்டாமல், மேனுவல் சொல்லும் முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கைப்பம்பு அல்லது பெரிய சிரிஞ்சால் ஊற்றினால், பெரும்பாலான பெட்டிகளில் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வழியத் தொடங்கும்போது அளவு சரி. சில பெட்டிகளில் அளவு துளைக்குக் கீழே இருக்கும், அங்கே லிட்டர் கணக்குத்தான் வழி. கூடினால் நுரைத்து சீல்கள் வழியே கசியும், குறைந்தால் மேலே உள்ள பேரிங்குகள் காயும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? மேனுவல் சொல்லும் தூரத்தைப் பின்பற்றுங்கள். ‘ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம்’ என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. தேய்ந்த உலோகத் தூள் வெளியேற வேறு வழியில்லாத, ஃபில்டர் இல்லாத பெட்டி அது. அதனால் என் வண்டியில் 60,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறேன். வண்டியைப் பழையதாக வாங்கினால், முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாததால் உடனே மாற்றுவேன்.

தவறான ஆயில் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் பதற்றப்பட வேண்டாம். ஒரு வாரத்தில் பெட்டி பாழாகாது. சூடாக வடித்து, சரியானதை ஊற்றி ஓட்டுங்கள். கியர் இன்னும் முரண்டு பிடித்தால் சில நூறு கிலோமீட்டரில் இன்னொரு முறை மாற்றினால் மிச்சமிருந்ததும் போய்விடும். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றி அலசுவது வேண்டவே வேண்டாம், அது பேரிங்குகளுக்குள் தங்கிப் புதிய ஆயிலையும் நீர்க்கச் செய்யும். சரியான ஆயில் ஊற்றி 500 கிலோமீட்டர் ஓடிய பிறகும் சூடான நிலையில் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் அரைத்தால், அந்த கியரின் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன் கிளட்ச் முழுவதும் விடுபடுகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள். கிளட்ச் சரியாக விடாவிட்டால் எல்லா கியர்களும், குறிப்பாக ரிவர்ஸ், அரைக்கும்.

பழைய ஆயிலைப் புதிய ஆயிலின் காலி டப்பாவிலேயே ஊற்றி மூடி, கழிவு ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. அப்புறம், ஊற்றிய ஆயிலின் பெயர், ஜிஎல் வகுப்பு, தேதி, கிலோமீட்டர் நான்கையும் ஒரு சீட்டில் எழுதி மேனுவலுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த முறை மாற்றப் போகிறவர் நீங்களாகவே இருந்தாலும் அது தேவைப்படும்.